பத்தாயிரம் ரூபாய்க்குப் புது போனா, பழைய உயர்ரக போனா?

கடையில் பெட்டி பிரிக்காத மலிவு ஆண்ட்ராய்டு போன் ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் அதே விலைக்கு நான்கு வருடப் பழைய உயர்ரக போன். இரண்டையும் பார்த்துவிட்டு வந்த என் தம்பிக்கு அன்று தூக்கமில்லை. இரண்டு வகையையும் வைத்துப் பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

பேட்டரி
புதியது: பெரும்பாலும் 5,000 எம்ஏஎச். காலையில் சார்ஜரிலிருந்து எடுத்தால் இரவு வரை கவலையில்லை.
பழையது: மதியம் மூன்று மணிக்கே பவர் பேங்க் தேட வைக்கும். பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

வேகம்
புதியது: 4 ஜிபி ரேம். டீக்கடையில் பணம் செலுத்த க்யூஆர் அட்டைமுன் நீட்டினால், கேமரா சில நொடிகள் கறுப்பாகவே நிற்கும். பின்னால் நிற்பவர் தொண்டையைக் கனைப்பார்.
பழையது: எடுத்தவுடன் திறக்கும். உள்ளே இருப்பது வேகமான யூஎஃப்எஸ் சேமிப்பகம். மலிவு போன்கள் பலவற்றில் இன்னும் அதைவிட மெதுவான இஎம்எம்சி சேமிப்பகம்தான்.

கேமரா
பழையதே. பேச்சுக்கே இடமில்லை.

பாதுகாப்பு
புதியது: அப்டேட் இன்னும் சில காலம் வரும். வாரண்டியும் உண்டு.
பழையது: அப்டேட் நின்றுபோயிருக்கலாம். திருட்டு போனாகவும் இருக்கலாம்; *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

அம்மாவுக்கும், நாள் முழுக்க வண்டியில் அலைபவருக்கும் புதியது. குழந்தையைப் படமெடுத்துத் தள்ளுபவருக்குப் பழையது. தம்பி பழையதைத்தான் வாங்கினான். இரவல் போன என் பவர் பேங்க் இன்னும் திரும்பவில்லை.