பவளப்பாறை நோய்க்கு கியூஜிஐஎஸ் போதுமா?

முதுகலை ஆய்வு தொடங்கும் தம்பி ஒருவர், "அண்ணே, பவளப்பாறை நோயை மேப் பண்ண கியூஜிஐஎஸ் போதுமா, காசு போட்டு வேற வாங்கணுமா?" என்று கேட்டிருந்தார். பினாங்கில் உட்கார்ந்து சில வருடங்களாக இதில்தான் வேலை செய்கிறேன்.

போதும். கியூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள், பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடும். லங்காவிக்குத் தெற்கே உள்ள பாயார் தீவில் பதிந்த புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியிலேயே விட்டால் தூரக் கணக்கு பாழ். அந்தப் பகுதிக்கான மீட்டர் அளவு முறையான யூடிஎம் 47 வடக்குக்கு மாற்றினால் எல்லாம் மீட்டரில் வந்துவிடும். ஒரு நிமிட வேலை.

என் எரிச்சலெல்லாம் ஹீட்மேப் மேல்தான், அதாவது புள்ளிகள் நெருங்கிய இடத்தைச் சிவப்பாகக் காட்டும் படம். நோயுற்ற பவளங்களை மட்டும் கொடுத்தால் ஏதோ ஒரு மூலையைச் சிவப்பாக்கிவிடும். உடனே எல்லாரும் "அங்கதான் பரவுது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தைப்பூசத்தன்று பினாங்கு முழுக்கக் காய்ச்சல்காரர்களை எண்ணினால் கூட்டமெல்லாம் கூடும் தண்ணீர்மலை முருகன் கோயிலில்தான் அதிகம் இருப்பார்கள். அதற்காகக் காய்ச்சல் அங்கேதான் பரவுகிறது என்போமா? பவளமும் அப்படித்தான். அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் கிளை முறிந்து விழுந்த இடத்திலேயே மறுபடி வளரும். நோய் இல்லாவிட்டாலும் அது கொத்துக் கொத்தாகத்தான் இருக்கும்.

ஆகவே ஆரோக்கியமான பவளங்களையும் ஒன்று விடாமல் பதிய வேண்டும். பிறகு இடங்களை அப்படியே வைத்து, 'நோய்', 'நலம்' என்ற அடையாளங்களை மட்டும் 999 தடவை குலுக்கிப் போட்டு, உண்மை நிலவரம் அந்தக் குலுக்கலை மீறுகிறதா என்று ரிப்ளியின் கே சார்பை (ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் குறிப்பிட்ட தூரத்துக்குள் எத்தனை புள்ளிகள் என்று எண்ணும் கணக்கு) வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு நான் 'ஆர்' என்ற புள்ளியியல் நிரல்மொழியின் ஸ்பாட்ஸ்டாட் தொகுப்புக்குப் போய்விடுகிறேன். கரீபியனில் பக் தீவின் 2004ஆம் ஆண்டு வெள்ளைப் பட்டை நோய் (அக்ரோபோராவைத் தாக்கும் நோய்) தரவை ஆராய்ந்தவர்களும், கணக்கைத் தனித்தனிப் பவளமாகப் பார்ப்பதா, கடலடியில் இழுத்த அளவுக்கோடு வாரியாகப் பார்ப்பதா என்றுதான் ஒப்பிட்டார்கள்.

இன்னொன்று. ஜிபிஎஸ் தண்ணீருக்குள் வேலை செய்யாது. மிதவையில் கட்டி இழுத்தாலும் சில மீட்டர் தள்ளிக் காட்டும். நோய் பக்கத்துப் பவளத்துக்குத் தாவுகிறதா என்ற கேள்வியோ ஒன்றிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது.

யார் கேட்டாலும் கியூஜிஐஎஸ்தான் என்பேன். ஆனால் தம்பி, நீங்கள் இப்போதைக்கு அதை இறக்கவே வேண்டாம். ஐம்பது மீட்டர் டேப்பும் தண்ணீரில் எழுதும் பலகையும் வாங்குங்கள். அடியில் பாசி பிடித்த எலும்பு, நுனியில் பழுப்பு நிற உயிர்த்திசு, நடுவில் வெள்ளைப் பட்டை: இப்படி ஒரு கிளையைக் கண்டால், நத்தை தின்ற தழும்பா என்று முதலில் சுற்றிலும் தேடுங்கள். பிறகு பக்கத்தில் நலமாக நிற்கும் பவளங்களையும் தூரத்தோடு எழுதுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் மேப்போடு என்னிடம் வராதீர்கள்.