தவளைக் காலத்துக்கு டஃப் டிஜி-6, டிஜி-7: சேற்றங்கரையில் எப்படி உழைக்கின்றன?

தவளைகள் இனப்பெருக்கத்துக்குக் கூடும் முதல் சில இரவுகளுக்காகக் கேமரா தேடுகிறவர் மெகாபிக்ஸலைப் பார்த்துப் பயனில்லை. தூறலில், கணுக்கால் புதைகிற சேற்றில், அந்தக் கேமராவைத் தயங்காமல் கீழே வைக்க மனம் வருமா என்றுதான் பார்க்கவேண்டும். பல இனங்களுக்கு மொத்தக் கூடலும் இரண்டு மூன்று இரவுகளில் முடிந்துவிடும். குளிர் நிலங்களில் பனி உருகியதும், வறண்ட வெப்ப நிலங்களில் முதல் கனமழை பெய்ததும் அந்த இரவுகள் வரும். ஈரம் பட்டாலே பதறவைக்கும் கருவி அன்றைக்குப் பையை விட்டு வெளியே வராது.

ஒலிம்பஸ் 2019-இல் கொண்டுவந்த டஃப் டிஜி-6, கேமராத் தொழில் கைமாறி ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023-இல் வந்த டிஜி-7, இரண்டையும் இந்த ஒரே வேலைக்காக மட்டும் எடைபோட்டுப் பார்க்கிறோம். படத்தரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்: 12 மெகாபிக்ஸல், 1/2.3 அங்குல சென்சார், 35 மி.மீ. கணக்கில் 25 முதல் 100 மி.மீ. வரை போகும் லென்ஸ், எஃப்/2.0 திறப்பு. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது. டிஜி-7-இல் யுஎஸ்பி-சி வந்திருக்கிறது, கைப்பிடி சற்று மேம்பட்டிருக்கிறது. கையில் டிஜி-6 இருப்பவர் தவளைக்காக மட்டும் 7-க்கு மாறவேண்டிய அவசியமே இல்லை.

இந்த வரிசைக் கேமராக்களைப் பற்றி யார் பேசினாலும் மைக்ரோஸ்கோப் முறையில்தான் தொடங்குவார்கள். லென்ஸுக்கு 1 செ.மீ. முன்னால் இருப்பதும் தெளிவாக விழும் என்பது உண்மை. ஆனால் உயிருள்ள தவளையின் மூக்குக்கு 1 செ.மீ. அருகில் கண்ணாடியைக் கொண்டுபோனால் ஒன்று அது குதித்துவிடும், இல்லையென்றால் உடம்பைத் தரையோடு தாழ்த்திக் கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டும் நல்ல படம் ஆகாது, தவளைக்கும் தொல்லை. அதே முறை 30 செ.மீ. தூரம் வரை வேலை செய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜூமை 100 மி.மீ. முனைக்குத் தள்ளிவிட்டு 20 செ.மீ. தள்ளி நின்றால் படச்சட்டத்தின் அகலத்துக்குள் ஏறக்குறைய 7 செ.மீ. அடங்கும். 4 செ.மீ. மரத்தவளை சட்டத்தின் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். தவளை கத்துவதை நிறுத்தாத தூரம் அதுதான். இந்தக் கேமராவை வாங்கச் சொல்வதற்கு எங்களுக்கு முதல் காரணம் இந்த 20 செ.மீ. தான். 1 செ.மீ. வித்தையை முட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

30 செ.மீ. தாண்டினால் மைக்ரோஸ்கோப் முறை ஃபோகஸ் பிடிக்காது. அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தவளையை அந்த முறையிலேயே எடுக்க முயன்று, கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. முறைத்திருகியை, திறப்பை நாமே தேர்ந்தெடுக்கும் ‘ஏ’ முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். இருட்டில், ஈரக்கையோடு அந்தத் திருகி கண்ணுக்குத் தெரியாது. எத்தனை சொடுக்குத் தள்ளினால் எந்த முறை என்று வெளிச்சம் இருக்கும்போதே விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.

குளத்து நடுவில் மிதந்தபடி கத்தும் பெரிய தவளைகளுக்கு இந்த லென்ஸ் எட்டாது, அதை மழுப்பிப் பயனில்லை. 1 மீட்டர் தூரத்தில் 100 மி.மீ. முனை 36 செ.மீ. அகலத்தைக் காட்டும், 10 செ.மீ. தவளை அதில் கால்வாசியைத் தாண்டிச் சற்றுதான் நிறையும். டிகான்-டி01 என்ற 1.7 மடங்கு கூடுதல் லென்ஸை மாட்டினால் அதே தூரத்தில் தவளை பாதிச் சட்டத்துக்கு வரும். 3 மீட்டருக்கு அப்பால் கத்துகிறவற்றுக்கு நீள லென்ஸ் கொண்ட வேறு கேமராதான் வழி. தண்ணீருக்குள் இறங்கி நெருங்கலாமே என்று தோன்றும், வேண்டாம். அந்த வாரத்தில் ஆழமில்லாத கரையோரத்தில்தான் முட்டைகள் இருக்கும், காலடியில் நசுங்குவது இருட்டில் தெரியாது.

திறப்பு விஷயத்துக்கு வருவோம். டிஜி-யில் எந்த ஜூமிலும் மூன்றே படிதான்: அகல முனையில் எஃப்/2.0, 2.8, 8, நீள முனையில் எஃப்/4.9, 6.3, 18. சென்சார் சிறியது என்பதால் 2.8-இலேயே, பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில் எஃப்/16 வைத்ததற்கு ஈடான ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், கிடைத்துவிடும். நீள முனையில் 4.9-இலேயே மூக்கு நுனியிலிருந்து காதுச்சவ்வு வரை தெளிவு வரும். ஆழம் போதவில்லை என்று மூன்றாம் படிக்குப் போகிறவர்கள் வெளிச்சத்தைத்தான் இழப்பார்கள்; ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர் அளவு ஏறி, தோலின் மணிமணியான கரடு பிசின் தடவியதுபோல் மழுங்கிப்போகும். ஐஎஸ்ஓ 400 வரை நன்றாக இருக்கிறது, 800-ஐப் பொறுத்துக்கொள்ளலாம், 1600-ஐ இனத்தை அடையாளம் காண மட்டும் வைத்துக்கொள்ளலாம். தானியங்கி ஐஎஸ்ஓ-வின் உச்சவரம்பை 400-இல் கட்டிவிட்டு, படத்தைக் கேமரா மெருகேற்றாத ‘ரா’ கோப்பாக எடுப்பது எங்கள் வழக்கம்.

முழு மேனுவல் முறை இந்தக் கேமராவில் இல்லை. ஷட்டர் வேகத்தையும் திறப்பையும் சேர்த்துப் பூட்டிவைக்க முடியாது. இந்த வரிசையின் பெரிய குறை என்று எதையாவது சொன்னால் இதைத்தான் சொல்வோம். ஃபிளாஷைக் கட்டாயமாக எரியவிட்டு, மேலே உள்ள திருகியால் எக்ஸ்போஷரை -0.7 அளவில் குறைத்துவைப்பது ஓரளவு சமாளிக்கும். குறைக்காமல் விட்டால் சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தை ஏற்றும், ஈரத்தோலின் மினுமினுப்பு முழுக்க வெள்ளைத் திட்டாகிவிடும். வெள்ளைத் திட்டாகப் போனதை ‘ரா’ கோப்பிலும் மீட்க முடியாது.

ஃபிளாஷ்தான் தவளைப் படத்தின் உயிர், கெடுப்பதும் அதுதான். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் குண்டூசித்தலை போலச் சிறியது. நனைந்த தோலில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். எஃப்டி-1 என்ற ஒளிபரப்பி வளையம் அந்த வெளிச்சத்தை லென்ஸைச் சுற்றிப் பரப்புகிறது. முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் கைகண்ட துணை. தவளையின் முகத்துக்கு மட்டும் நாங்கள் அதைச் சொல்லமாட்டோம். தவளைக் கண் ஈரமான உருண்டைக் கண்ணாடி. வளையத்தை அப்படியே திருப்பிக் காட்டும். கிடைமட்டமான கண்மணியும் அதைச் சுற்றிய பொன்தூளும் அழகாக விழுந்திருக்கும், நடுவில் ஒரு வெள்ளை வளையல் மிதக்கும். எல்இடி ஒளியைச் சுற்றிக் கொடுக்கும் எல்ஜி-1 வளையத்துக்கும் இதே கதி.

10 முதல் 30 செ.மீ. தூரத்துக்குக் கையால் செய்த பரப்பியே மேல். பொருட்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், 1 மி.மீ. தடிமனில், 15-க்கு 20 செ.மீ. துண்டு போதும். லென்ஸ் வளையத்தின் அளவுக்கு ஒரு துளை வெட்டி, தாளின் பெரும்பகுதி ஃபிளாஷுக்கு முன்னால் வரும்படி வளைத்து ரப்பர் வளையம் போட்டால் ஆயிற்று. தாளின் மேல் விளிம்பு சற்று முன்னே சாய்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் வெளிச்சம் மேலிருந்து இறங்கும், கண்ணில் ஜன்னல் போல ஒரு மென்மையான பொட்டு மட்டும் விழும். அகல முனையில் எடுத்தால் தாளின் ஓரம் படத்தில் எட்டிப்பார்க்கும். தூறல் விழும்போது ஃபிளாஷ் அடித்தால் லென்ஸுக்கு அருகில் விழும் துளிகள் பெரிய வெள்ளைக் கொப்புளங்களாகத் தெரியும். இலையடியில் உட்கார்ந்திருக்கும் தவளையைத் தேடிக்கொள்வதே நல்லது.

நிறத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் தொடக்கக் காலத்தின் பெரும் பரிசே அதுதான். சாதாரண நாளில் பாசியும் பழுப்புமாக இருக்கும் காளைத்தவளை (ஹோப்ளோபட்ராகஸ் டைகரினஸ்) ஆண், அந்த நாட்களில் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டையின் இருபுறமும் நீலக் குரல்பைகளை ஊதிக் காட்டும். மூர் தவளை (ரானா ஆர்வாலிஸ்) ஆண் சில நாட்களுக்கு மட்டும் வான்நீலமாகும். தானியங்கி வெள்ளைச்சமன் இந்த இரண்டையும் சராசரிப்படுத்திவிடும்: மஞ்சள் வெளிறும், நீலம் சாம்பலாகும். ஃபிளாஷுக்கு 5500 கெல்வின் என்று எண்ணாகவே பூட்டிவையுங்கள். தலைவிளக்கின் வெளிச்சமும் ஃபிளாஷும் கலந்தால் எந்த எண்ணும் பொருந்தாது. ஃபோகஸ் பிடித்ததும் விளக்கைப் பக்கவாட்டில் திருப்பிவிடவேண்டும்.

தொலைவில் தேடும்போது சிவப்பு விளக்கு தவளைகளை அதிகம் கலைப்பதில்லை. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் டிஜி-யின் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். மங்கலான வெள்ளை விளக்கை ஓரமாகப் பிடித்து, ஃபோகஸ் கட்டத்தைக் கண்ணின் விளிம்பில் வைத்தால் கவ்விக்கொள்ளும். கண்ணின் நடுவில் வைத்தால் சறுக்கும். அங்கே பிடித்துக்கொள்ள விளிம்பு எதுவும் இல்லை. கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கை அணைத்துவிடுங்கள், அது நேராகக் கண்ணில் அடிக்கிறது. ஒரு தவளைக்கு நான்கைந்து ஃபிளாஷுக்கு மேல் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் அது இரையையும் காணாது, எதிரியையும் காணாது.

குரல்பை ஊதிய கணத்தைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் ஆசை. தேரைகள் நீளமாக இழுத்துக் கத்தும்போது பை ஊதியபடியே நிற்கும், அவசரமில்லை. ‘டக் டக்’ என்று விட்டுவிட்டுக் கத்தும் தவளையில் காற்று நுரையீரலுக்கும் பைக்கும் மாறிமாறி ஓடும். வயிறு ஒடுங்கத் தொடங்கும்போதே பொத்தானை அழுத்தினால்தான் பை முழுதாக விழும். பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு அரை விநாடி முன்பிருந்தே படங்களைச் சேமிக்கும் புரோ கேப்சர் இதற்கென்றே வந்தது போலிருக்கும். ஆனால் அதில் ஃபிளாஷ் எரியாது. வெளிச்சம் முழுக்க மறையும் முன் கத்தத் தொடங்கும் இனங்களுக்கு அது அருமை, நள்ளிரவில் உதவாது. விநாடிக்கு 120 சட்ட வேகத்தில் வீடியோ எடுக்கிறவர்கள் மலிவான எல்இடி விளக்கைத் தவிர்க்கவும். கண்ணுக்குத் தெரியாத துடிப்பு படத்தில் கறுப்புப் பட்டைகளாக ஓடும்.

ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் தவளைக்கு ஆகாது. அசையாமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் தவளையின் தொண்டையும் மூச்சுக்காக இடைவிடாமல் துடிக்கும். சேர்த்த படத்தில் தாடைக்குக் கீழே இரட்டைக் கோடு விழும். முட்டைக் குவியலுக்கு அதே வசதி பொன்னானது. கேமராவைக் கரைக்கல்லின் மேல் ஊன்றி, 3 செ.மீ. தூரத்தில் எடுத்தால் கண்ணாடிக் கூழுக்குள் ஒவ்வொரு முட்டையின் கறுத்த பாதி மேலே பார்த்திருப்பதும், வெளிறிய பாதி கீழே இருப்பதும் துலங்கும். இட்டவுடன் கூழ் சிறிதாக, இறுக்கமாக இருக்கும். சில மணி நேரத்தில் தண்ணீர் குடித்து உப்பிவிடும். அன்றிரவு இட்டதா, முன்னமே இட்டதா என்று படத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பின்திரை மடங்காதது இன்னொரு குறை. தவளையின் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் படம் படமாகும். அதற்குக் கேமராவைத் தரையில் வைத்தால் திரை தெரியாது. வைஃபையில் கைபேசியை இணைத்து அதன் திரையில் பார்த்து எடுக்கலாம். மின்கலம் வேகமாக இறங்கும். நிறுவனம் டிஜி-6-க்குச் சொல்லும் 340 படங்கள் என்ற கணக்கு இப்படி உழைக்கும் இரவுக்குப் பொருந்தாது, இன்னொரு எல்ஐ-92பி மின்கலம் அவசியம். அதைக் கரையில் மாற்றாதீர்கள். ஈரக்காற்றில் கதவைத் திறந்தால் உள்ளே புகும் ஈரம் பிறகு கண்ணாடியின் உட்புறம் பனியாகப் படியும். வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ, கையைத் துடைத்துவிட்டு மாற்றவேண்டும். மூடுமுன் ரப்பர் பட்டையைப் பாருங்கள். ஒரு மணல் பருக்கை, ஒரு முடி போதும், தண்ணீர் இறங்கிவிடும். அந்தப் பட்டைகளை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது.

ஜிபிஎஸ் வசதி கள ஆய்வுக்கு உதவும், போகும் வழியைப் பதிவுசெய்ய மேலே உள்ள ‘லாக்’ (LOG) நெம்பு தவறி நகர்ந்தால் மின்கலத்தை விழுங்கும். வெப்பநிலையையும் காட்டுகிறது, கையில் பிடித்தபடி படித்தால் கையின் சூடும் சேர்ந்துவிடும். படத்தை வெளியிடுமுன் இடக்குறிப்பை அழித்துவிடவேண்டும், இல்லையென்றால் அடுத்த இரவு அந்தக் குளத்தங்கரை முழுக்கக் காலடியாகிவிடும்.

கொசு விரட்டி தடவிய கையால் தவளையையோ அதன் இலையையோ தொடக்கூடாது, அதன் தோல் எதையும் உறிஞ்சும். டீட் கலந்த விரட்டி கேமராவின் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகுமுன் கேமராவை, பரப்பியை, பூட்ஸை நல்ல தண்ணீரில் அலசி முழுக்கக் காயவிடுங்கள். தவளைகளைக் கொல்லும், 1990-களின் இறுதியில் கண்டறியப்பட்ட கைட்ரிட் பூஞ்சை ஈரத்தோடு பயணம் செய்கிறது, முழுதாகக் காய்ந்த பொருளில் பிழைப்பதில்லை. ஃபோம் தாள் மட்டும் உள்ளுக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் குளத்துக்கு ஒன்றாகப் புதிதாக வெட்டிக்கொள்வது உத்தமம்.