டேட்டா.போலீஸ்.யுகே: இடம் தெரிகிறது, நேரம் தெரியவில்லை

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து காவல்துறைகள் பதிவு செய்யும் குற்றங்களைத் தெருவாரியாக இலவசமாகத் தரும் தளம் டேட்டா.போலீஸ்.யுகே. 2010 டிசம்பர் முதல் விவரங்கள் வெளியாகின்றன. லண்டனின் வடமேற்குப் பக்கம் குடியிருக்கும் நான், எங்கள் தெருவின் கண்காணிப்புக் குழுவுக்காக இதை மாதாமாதம் பார்க்கிறேன். குற்றப் பகுப்பாய்வு என்றால் என்ன, அது வழக்குகளைத் துலக்க எப்படி உதவுகிறது என்று கையால் செய்து பழக விரும்புகிறவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

பயன்படுத்துவது எளிது. வேண்டிய மாதங்களையும் காவல்துறையையும் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். கணக்கு தொடங்க வேண்டாம், காசும் கட்ட வேண்டாம். ஜிப் கோப்பைப் பிரித்தால் எக்செல்லில் திறக்கிற பட்டியல் வரும். வரிக்கு ஒரு குற்றம்: மாதம், அட்சரேகை, தீர்க்கரேகை, தெருவின் பெயர், குற்ற வகை, வழக்கு கடைசியாக எந்த நிலையில் நிற்கிறது என்ற குறிப்பு. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் அதைப் போட்டால் ஊரே புள்ளி புள்ளியாக விரியும்.

அந்தப் புள்ளிகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. குற்றம் நடந்த வீட்டின் இடத்தைத் தளம் காட்டுவதில்லை. அருகிலிருக்கும் ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்தித்தான் காட்டுகிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி அஞ்சல் முகவரிகள் இருந்தால் குறைந்தது எட்டு முகவரிகள் இருக்க வேண்டும் என்பது விதி. எந்த வீட்டில் திருடு போனது என்று ஊருக்கே தெரியக் கூடாது என்பதால் இது சரியான ஏற்பாடு. சூப்பர்மார்க்கெட் மேல் ஒரு புள்ளி வீங்கித் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். வகையைப் பாருங்கள், பெரும்பாலும் கடையில் பொருள் திருடியதாக இருக்கும்.

சரி, குறைக்கு வருகிறேன். மாதம் இருக்கிறது. தேதி இல்லை, மணி இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். நவம்பரில் ஒரு நாள் அவர் வீட்டில் திருட்டுப் போனது. "பின் கதவாலதான் வந்திருக்கிறாங்கள், தங்கச்சி" என்று காட்டினார். தோட்டப் பக்கத்துக் கண்ணாடிக் கதவின் பூட்டை நெம்பியிருந்தார்கள். மேசையில் மடிக்கணினி அப்படியே இருந்தது. மாடியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்த துணிகளை மட்டும் இழுத்துப்போட்டு, தாலிக்கொடியும் காப்புகளும் எடுத்துப் போயிருந்தார்கள். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் மாதம். வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் ஆள் இல்லை என்று தெருவிலிருந்தே தெரியும்.

பின் கதவு, இருட்டிய நேரம், தங்கம் மட்டும். இதே மூன்றும் இன்னும் நாலு வீட்டில் ஒத்துப்போனால் அது ஒரே கும்பலின் வேலையாக இருக்கலாம். அப்போது ஒரு வீட்டில் கிடைத்த கைரேகை, இன்னொரு வீட்டுக் கேமராவில் விழுந்த வண்டி, வேறொரு தெருவில் ஒருவர் பார்த்த முகம் எல்லாம் ஒரே வழக்கில் சேரும். தனித்தனியாக எதற்கும் போதாத துப்புகள் சேர்ந்தால் ஆளைக் காட்டும். இங்கிலாந்தில் இதற்குப் பழைய வரலாறு உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங் காவல்துறைத் தலைவர் அட்சர்லி, குற்றவாளியின் செயல்முறையைக் கூறு கூறாகப் பிரித்துப் பதியும் முறையை வகுத்தார். எப்படி நுழைந்தான், எதைக் கொண்டு திறந்தான், எந்த நேரம், என்ன கதை சொன்னான், கூட்டாளி உண்டா, எதில் வந்தான் என்றெல்லாம் தலைப்புகள். நேரத்துக்கு அதில் தனி இடம் இருந்தது.

நேரம் எவ்வளவு பேசும் என்பதற்கு அதே யார்க்‌ஷயரில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1975 முதல் 1980 வரை பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றான். விசாரணை அட்டைக் குறிப்புகளின் மலையில் புதைந்து கிடந்தது. அவனை ஒன்பது முறை விசாரித்தும் அந்தக் குறிப்புகளை யாராலும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. போதாததற்கு, கொலைகாரன் பேசுவதாக வந்த ஒரு போலி ஒலிநாடாவை நம்பி சண்டர்லேண்ட் பக்கம் தேடினார்கள். 1980 டிசம்பரில் தடய அறிவியலாளர் ஸ்டூவர்ட் கைண்ட் தாக்குதல்கள் நடந்த இடங்களின் மையத்தைக் கணக்கிட்டார். மணியையும் சேர்த்துப் பார்த்தார்: அந்த மையத்திலிருந்து தொலைவில் நடந்த தாக்குதல்கள் சற்று முன்னேரத்தில் நடந்திருந்தால், வீடு திரும்ப வேண்டியவன் அவன். பிராட்ஃபோர்டு பக்கத்து ஆள் என்று சொன்னார். சட்கிளிஃப் வீடு பிராட்ஃபோர்டின் ஹீட்டனில்தான் இருந்தது. ஆனால் அவனைப் பிடித்தது அந்தக் கணக்கு அல்ல. 1981 ஜனவரி 2 அன்று ஷெஃபீல்டில் போலி எண் பலகையோடு நின்ற காரைச் சோதித்த காவலர்கள் பிடித்தார்கள். அந்தக் கணக்கைச் சில ஆண்டுகள் முன்பே போட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. விசாரணைக் குறிப்புகளை ஒன்றாகச் சேர்த்துத் தேட உதவும் ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பு காவல்துறைக்கு வந்தது இந்த வழக்கின் தோல்விக்குப் பிறகுதான்.

இப்போது இந்தத் தளத்தைப் பாருங்கள். காவலர்கள் தெருவில் ஆட்களை நிறுத்திச் சோதிக்கும் விவரமும் இதே பக்கத்தில் கிடைக்கிறது. அதில் தேதியும் மணியும் இருக்கின்றன. ஆனால் திருட்டுக்கு மாதம் மட்டும்தான். பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் முக்கியம், அதை மறுக்கவில்லை. அதற்காகக் காலை, பிற்பகல், இரவு என்று மூன்றாகப் பிரித்துக்கூடச் சொல்ல முடியாதா? ஒரு வீட்டில் திருடியவர்கள் அடுத்த சில வாரங்களுக்குள் அக்கம்பக்கத்தில் மறுபடி கை வைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஷேன் ஜான்சனும் கேட் பவர்ஸும் காட்டியிருக்கிறார்கள். மாதக் கணக்கை வைத்துக்கொண்டு அந்தச் சில வாரங்களை எங்கே தேடுவது? தவிர, விவரம் வெளியாகவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் புகுந்ததா கடையில் புகுந்ததா என்பதும் பிரிக்கப்படாமல் ஒரே தலைப்பில் கிடக்கிறது.

கிரேட்டர் மான்செஸ்டர்காரர்கள் கவனிக்க: 2019 ஜூலையில் அங்கே கணினி அமைப்பு மாறியபோது விவரம் நின்றுபோனது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் குற்றமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பட்டியலில் வழக்கு நிலை என்ற நெடுவரிசையை மட்டும் கட்டாயம் படியுங்கள். வீடு புகுந்த திருட்டுகளில் பெரும்பாலானவற்றில் 'விசாரணை முடிந்தது, சந்தேக நபர் அடையாளம் காணப்படவில்லை' என்றே இருக்கும். மறைக்காமல் போடுகிறார்கள் என்பதற்காகவே இந்தத் தளத்தை மதிக்கிறேன். இந்தியாவில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கை மாநிலம், மாவட்டம், பெருநகரம் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. தெரு வரை வருவதில்லை.

தரவு அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், வீடு மாற்றப் போகிறவர்களுக்கும், தெருக் குழுக்களுக்கும் ஐந்துக்கு மூன்றரை தருவேன். விட்டுப்போன நேரத்தை எங்கள் குழுவில் நாங்களே குறித்துக்கொள்கிறோம்: எந்தக் கதவு, எத்தனை மணிக்கு வெளியே போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள், என்ன போனது. ஆங்கிலம் அதிகம் வராத பெரியவர்களிடம் தமிழில் கேட்டு எழுதிக்கொடுக்கிறோம், போலீசிடம் புகார் சொல்லும்போது அந்தத் தாளையும் கொடுக்கச் சொல்லி.