ஆர்.வி. பயணத்தில் குடிநீர்: டேங்க்கா, கேனா?

ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வீடு மாதிரி அமைந்த வண்டி) வைத்திருக்கிற தமிழ் நண்பர்கள் கூடினால் டயர், பேட்டரி, சோலார் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். குடிக்கிற தண்ணீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "டேங்க்ல ஃபில்டர் மாட்டிட்டேன், பிரச்சினையே இல்லை." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 25 அடி நீளமுள்ள பழைய வண்டி ஒன்றை வாங்கி அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ பக்கம் குடும்பத்தோடு சுற்றி வருகிறோம். கொஞ்ச காலம் வண்டியோடு வருகிற தண்ணீர் டேங்க், கையில் தூக்குகிற கேன் இரண்டையும் யோசித்துப் பார்த்து, குடிக்கவும் சமைக்கவும் தனிக் கேன், குளிக்கவும் பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் வண்டியின் டேங்க் என்று முடிவு செய்தோம். ஏன் என்று சொல்கிறேன்.

பாட்டில் தண்ணீரை முதலில் ஒதுக்கிவிடலாம். அரை லிட்டர் பாட்டில்களை வைத்து நாலு பேருக்குச் சோறு, ரசம், காப்பி என்று சமைத்துப் பார்த்தால் ஒரே நாளில் குப்பைப் பை நிரம்பிவிடும். கிராண்ட் கேன்யன் பூங்காவில் 2012 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் தண்ணீர் பாட்டில்களை விற்பதே இல்லை. அங்கே இலவசமாக நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு ஒரு பெட்டி இருக்கட்டும், அவ்வளவுதான்.

அப்புறம் டேங்க். அதன் நன்மைகள் உண்மையானவை. எங்கள் வண்டியில் 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர் பிடிக்கும். எதையும் தூக்க வேண்டாம். பம்ப் சுவிட்சைப் போட்டால் வீட்டுக் குழாய் மாதிரியே தண்ணீர் வரும். எடையும் வண்டியின் கீழ்ப்பக்கத்திலேயே இருக்கும். அதற்கென்று விற்கும் குடிநீர் ஹோஸ் (வழக்கமான பச்சைத் தோட்ட ஹோஸ் வேண்டாம், அது குடிநீருக்காகச் செய்யப்பட்டதில்லை), 40 முதல் 50 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், ஒரு ஃபில்டர், இவ்வளவு இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்த ஃபில்டரில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஹோஸில் மாட்டுகிற நீல நிற ஃபில்டர்கள் பெரும்பாலும் கார்பன் வகை. மண்ணையும் குளோரின் வாடையையும் பிடித்துக்கொள்ளும், ருசி நன்றாகிவிடும். கிருமியை நீக்குவது அவற்றின் வேலை இல்லை. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நகராட்சித் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் விட்டுவைப்பதே, குழாயிலும் தொட்டியிலும் நிற்கும்போது கிருமி வளராமல் இருக்கத்தான். டேங்க்குக்குள் போகும் முன்னாலேயே கார்பன் ஃபில்டர் வைத்து அந்தக் குளோரினை எடுத்துவிட்டால், பாதுகாப்பே இல்லாத தண்ணீரை இருட்டான, வெதுவெதுப்பான ஒரு பெட்டியில் நாள்கணக்காக நிறுத்தி வைக்கிறோம் என்று அர்த்தம். டேங்க்கையே குடிப்பதென்று இருப்பவர்கள் கார்பன் ஃபில்டரைச் சமையல் மேடைக்குக் கீழே, குழாய்க்குச் சற்று முன்னால் வையுங்கள். ஈயம், ஜியார்டியா என்ற குடல் கிருமி போன்றவற்றுக்காகச் சோதிக்கப்பட்டதா என்று பார்க்க, அட்டையில் என்.எஸ்.எஃப். 53 என்ற தரச்சான்று எண்ணும், எவற்றைக் குறைக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். வெறும் 42 என்றிருந்தால் அது ருசிக்கும் வாடைக்கும் மட்டும்.

இதெல்லாம் கூடச் சமாளிக்கக் கூடியதுதான். என்னைக் கேன் பக்கம் தள்ளியது வேறு: வண்டி ஓடாமல் நிற்கிற காலம்.

நம்மில் பெரும்பாலானவர்கள் ஆர்.வி.யிலேயே குடியிருப்பவர்கள் இல்லை. நீண்ட வார இறுதி, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, அவ்வளவுதான். மீதி நாளெல்லாம் வண்டி எங்கோ ஒரு நிறுத்துமிடத்தில் வெயிலில் காய்கிறது. டேங்க்கை வடித்துவிட்டாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். பம்பில், வளைந்து வளைந்து ஓடும் பிளாஸ்டிக் குழாய்களில், வெந்நீர்ப் பெட்டியில் இன்னும் தங்கும். லீஜியோனெல்லா என்ற நுரையீரல் தொற்றுக் கிருமிக்கு 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய நீர் மிகவும் பிடிக்கும். அரிசோனாவில் நிற்கிற வண்டிக்கு வருடத்தில் பாதி நாள் அதே சூடுதான்.

சரி, சுத்தம் செய்தால் போயிற்று என்று தோன்றும். செய்யும் முறையைப் பாருங்கள். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப் வாசனை சேர்க்காத சாதாரண பிளீச். எங்கள் 40 கேலனுக்கு முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக வரும். அதை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, டேங்க்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு குழாயாக, வெந்நீர்ப் பக்கம், தண்ணீர்ப் பக்கம், ஷவர் எல்லாவற்றையும் பிளீச் வாடை வரும்வரை திறந்து விட வேண்டும். ஓர் இரவு அப்படியே விட வேண்டும். காலையில் முழுக்க வடித்து, நல்ல தண்ணீர் நிரப்பி, மறுபடி எல்லாக் குழாயையும் திறந்து, மறுபடி வடிக்க வேண்டும். வாடை போகவில்லையென்றால் இன்னொரு முறை. அதையும் கூட்டிப் பார்த்தால் 100 கேலனுக்கு மேல், அதாவது 400 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் செலவு. குழாய் வழியாகப் போவதெல்லாம் கழுவிய நீர் சேரும் கிரே டேங்க்கில் போய்ச் சேரும். அது நல்ல தண்ணீர் டேங்க்கைவிடச் சிறியதாக இருந்தால் நடுவில் ஒருமுறை கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனுக்கும் போக வேண்டியிருக்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்த அனுமதி இல்லாத குடியிருப்புகளில் இதை எங்கே வைத்துச் செய்வது?

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் டேங்க்கின் உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் திருகி மூடியிருக்கிற பெட்டி அது. கையை விட முடியாது, தேய்க்க முடியாது. வழவழப்புப் படலம் ஒட்டியிருந்தால் பிளீச் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையின் பேரில்தான் குடிக்க வேண்டும்.

கேன் அப்படி இல்லை, வீட்டில் குடத்தைக் கழுவுகிற மாதிரிதான். அகன்ற வாயுள்ள கேனாக இருந்தால் கையை விட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடலாம். ஒரு குவார்ட், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பிளீச் கலந்து ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி அரை நிமிடத்துக்கு மேல் குலுக்கிக் கொட்டிவிட்டு, கவிழ்த்துக் காய வைத்தால் வேலை முடிந்தது. பயணம் முடிந்ததும் கேன் வீட்டுக்குள் வந்துவிடும். அடுத்த பயணம்வரை மூடியைத் திறந்து காயப் போட்டிருப்போம். உள்ளே பச்சை படிந்தால் கண்ணுக்குத் தெரியும். பழசாகிவிட்டால் மாற்றுவதற்கும் பெரிய செலவில்லை. பராமரிப்பு சுலபமாக இருந்தால்தான் அதை ஒழுங்காகச் செய்வோம். எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

இதனால் டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லீஜியோனெல்லா ஷவரின் பொடித் துளிகளை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் வருகிறது. குளிக்க மட்டும் வைத்திருக்கிற டேங்க்குக்கும் பிளீச் தேவை. வருடத்தின் முதல் பயணத்துக்கு முன்னாலும், வண்டி வெகுநாள் நின்று எடுக்கும்போதும் நாங்கள் அதைச் செய்கிறோம். ஒரு பக்கம் சுத்தம் சரியாகப் படாமல் போயிருந்தாலும் அந்தத் தண்ணீர் பிள்ளையின் டம்ளருக்குப் போகாது என்ற நிம்மதி இருக்கிறது.

எந்த அளவு கேன்? ஒரு கேலன் தண்ணீரின் எடை 3.8 கிலோ. கடையில் கிடைக்கிற 7 கேலன் நீலக் கேனை நிரப்பினால் 26 கிலோவுக்கு மேல் வரும். வண்டிப் படியேறித் தூக்கி வைக்க எல்லோராலும் முடியாது. 5 கேலன் என்றால் 19 கிலோ. வயதான அப்பா அம்மா கூட வருகிறார்கள் என்றால் இரண்டரைக் கேலன் கேன்களே உத்தமம். பாலைவனப் பூங்காக்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன் வைத்திருக்கச் சொல்கிறார்கள். நாலு பேர் என்றால் 4 கேலன், சமையலுக்கு இன்னும் ஒன்று. அந்தக் கணக்கில் 5 கேலன் கேன் மூன்று இருந்தால் மூன்று நாள் தாங்கும். அரிசி, காய்கறியைக் கேன் தண்ணீரிலேயே கழுவுங்கள். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் பாத்திரத்தின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். கேனின் கழுத்தில் மாட்டுகிற, சார்ஜ் செய்து ஓட்டும் சின்னப் பம்ப் ஒன்று வாங்கிக்கொண்டால் சாய்த்து ஊற்றும் பாடு இல்லை. அந்தப் பம்பின் குழலையும் கேனோடு சேர்த்துக் கழுவ மறக்காதீர்கள். கேன்களைத் தரையில், சக்கர அச்சுக்குப் பக்கமாகப் பெல்ட் போட்டுக் கட்டி, வெயில் படாமல் துணி போர்த்தி வையுங்கள்.

எங்கே நிரப்புவது என்பதிலும் கேனுக்குத்தான் வசதி அதிகம். கேனைக் கையில் எடுத்துப் போய்ப் பூங்கா அலுவலகக் குழாயில் பிடிக்கலாம், பெரிய மளிகைக் கடை வாசலில் இருக்கிற தண்ணீர் இயந்திரத்தில் ஒரு கேலனுக்குச் சில்லறைக் காசு போட்டு நிரப்பலாம். டேங்க்குக்கு ஹோஸ் எட்டுகிற இடத்தில் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அந்த இடம் பல நேரம் டம்ப் ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கும். அங்கே கழிவுக் குழாயை அலசுவதற்கென்று இருக்கிற குழாயில் குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருப்பார்கள். அதில் கேனோ டேங்க்கோ எதையும் நிரப்பாதீர்கள். பக்கத்து ஆள் தன் கழிவு ஹோஸின் வாயை அதே குழாயில் வைத்து அலசியிருக்கலாம். குளிர்காலத்தில் ஆர்.வி.க்கள் குவிகிற அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரை ஒட்டி, லா போசாவில் அரசு நிலத்தில் தங்குபவர்களுக்குக் குடிநீர்க் குழாயும் டம்ப் ஸ்டேஷனும் இருக்கின்றன. அந்த மாதிரி இடங்களில் டேங்க்கை நிரப்பிக்கொள்வது சுலபம்.

கிணறுகள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் கால்நடைக்கென்று இருக்கிற சில கிணறுகளில் ஆர்சனிக்கும், பழைய சுரங்கங்களோடு தொடர்புள்ள யுரேனியமும் அனுமதித்த அளவைத் தாண்டி இருக்கின்றன. கொதிக்க வைத்தாலும் பிளீச் போட்டாலும் இவை போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி இன்னும் செறிவாகத்தான் ஆகும். தவிர, அங்கே பல குடும்பங்கள் குழாயே இல்லாமல் தூரத்திலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டு வந்து வாழ்கின்றன. அவர்கள் பங்கில் நாம் கை வைக்கக் கூடாது.

டேங்க் ஜெயிக்கிற இடமும் உண்டு. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குத் தண்ணீர், எதிர்ப்பக்கம் வடக்கு விளிம்புக்குக் கீழே இருக்கிற ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து, பள்ளத்தாக்கைக் கடந்து வருகிற ஒரே குழாயில் வருகிறது. 1960களில் போட ஆரம்பித்த குழாய், அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில் அடுத்தடுத்து உடைந்தபோது விடுதிகளில் தங்குவதையே நிறுத்தினார்கள். முகாம் திடல்களில் குழாய்களை மூடிவிட்டு, சொந்தமாகத் தண்ணீர் வைத்திருப்பவர்கள் தங்கலாம் என்றார்கள். அந்த மாதிரி நேரத்தில் நிரம்பிய 40 கேலன் பெரிய பலம். டேங்க்கைக் காலியாக வைத்துக்கொண்டு கேனை மட்டும் நம்பிப் போகச் சொல்ல மாட்டேன்.

வருடம் முழுக்க வண்டியிலேயே வாழ்பவர்களுக்கு என் வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. அவர்கள் டேங்க்கில் தண்ணீர் தேங்குவதில்லை, வாரத்துக்கு ஒருமுறையாவது மாறிவிடும். நல்ல ஃபில்டர் வைத்து அதையே குடிக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். உறைபனிக் காலத்தில் நாங்கள் அதிகம் போனதில்லை. அந்தக் குளிரில் வண்டிக்கு உள்ளே இருக்கும் கேன், வெளிக்குழாயைவிடத் தாமதமாகத்தான் உறையும் என்பதுவரை சொல்ல முடியும்.

வாடகைக்கு ஆர்.வி. எடுப்பவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் கேனைத்தான் சொல்வேன். உங்களுக்கு முன்னால் எடுத்தவர் எந்த ஹோஸில் நிரப்பினார், கடைசியாக எப்போது பிளீச் போட்டார்கள் என்று தெரிய வழியே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு முதலில் போகிற கடையில் 5 கேலன் கேன் இரண்டு, சின்ன பிளீச் பாட்டில் ஒன்று, ஒரு சொட்டுக்குழல் வாங்கிவிடுங்கள். வழியில் சந்தேகமான தண்ணீர்தான் கிடைத்தது, அடுப்புக்கும் வழியில்லை என்றால், தெளிந்த நீரில் கேலனுக்கு 6 சதவீத பிளீச் 8 சொட்டு விட்டு அரை மணி நேரம் வைத்துவிட்டுக் குடிக்கலாம். அடுப்பு இருந்தால் கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். பிரைஸ் கேன்யன் மாதிரி 6,500 அடிக்கு மேலே இருக்கிற இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.