பால்மரம் (ரப்பர் மரம்) அக்டோபரில் சிவக்காது: மலைநடைக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

அக்டோபர் தொடக்கத்தில் மலேசியாவில் எங்கள் கோல குபு பாரு வட்டாரத்தில் 'இலையுதிர்கால மலைநடை' என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. செக்கச் சிவந்த ரப்பர் தோட்டம், நடுவில் ஆறு. தலைக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). வன இலாகா பெர்மிட், லைசென்ஸ் உள்ள வழிகாட்டி, இன்சூரன்ஸ், மதியச் சாப்பாடு எல்லாம் அதிலேயே அடக்கம், சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம் என்று போட்டிருந்தார்கள். எங்கள் லயத்தில் மட்டும் பதினொரு பேர் பணம் அனுப்பினோம்.

முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அம்மா படத்தைப் பார்த்ததுமே சொன்னார்: "மரம் தை, மாசியிலதான் இலை உதிர்க்கும். இப்ப புரட்டாசி. இவன் எந்தத் தோட்டத்தைக் காட்டப் போறான்?" நான் காதில் வாங்கவில்லை.

ஏழு மணி வேன் எட்டரைக்கு வந்தது. இறக்கிவிட்ட இடம் கம்போங் பெர்தாக், புக்கிட் கூத்து ஏறும் வழி. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலை அது. பிள்ளைகளுக்கான நடை இல்லை. வழிகாட்டி என்று வந்தவன் சிலிப்பர் போட்ட ஒரு பையன். பெர்மிட்டைக் கேட்டால், "முதலாளி கையில இருக்குக்கா" என்றான். முதலாளி வரவே இல்லை. சாப்பாடு என்று ஆளுக்கு ஒரு ரொட்டி. பாதி மலையிலேயே திரும்பினோம்.

இரண்டரை மணிக்கு ஆற்றங்கரை. காலையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, ஆனால் மலை உச்சி கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பால் தேநீர் நிறத்துக்கு மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. "சீக்கிரம் தாண்டிடலாம்" என்றான் பையன். எதிர்வீட்டு அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை இறக்கிவிட்டார். அந்த நேரத்தில் அக்கரையிலிருந்து ஓர் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) பெரியவர் இரண்டு கையையும் வீசி, "ஜாங்கான்! நாயிக்!" (வேண்டாம்! மேலே ஏறுங்கள்!) என்று மலாயில் கத்தினார். அக்காவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, நாங்கள் நின்ற பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. இதைத்தான் இங்கே கெபாலா ஆயர் என்பார்கள். மேலே பெய்த மழை கீழே திடீரென்று வந்து அடிக்கும். இந்த மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பது மலைக்குக் கூட்டிப் போகிற ஆளுக்குத் தெரியாதா?

மூன்று மணி நேரம் கழித்து அந்தப் பெரியவரும் அவர் ஆட்களும் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். பணம் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார்.

அப்புறம் விசாரித்தால், அந்தத் தேதிக்கு எங்கள் பெயரில் பெர்மிட் எடுக்கப்படவே இல்லை. இன்சூரன்சும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மழைக்கு நான் என்ன பண்றது?" என்ற விளம்பரக்காரன் எங்கள் எல்லாருடைய எண்களையும் பிளாக் செய்துவிட்டான்.

காட்டு நடைக்குப் பணம் கட்டுமுன் உங்கள் பெயர் போட்ட பெர்மிட் நகலையும் வழிகாட்டியின் லைசென்ஸ் அட்டையையும் அனுப்பச் சொல்லுங்கள். மதியத்துக்குள் ஆற்றைத் தாண்டித் திரும்பிவிடுவோமா என்று கேளுங்கள். ஏமாந்திருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலேயே மனு போடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளிதான். நாங்கள் போட்டிருக்கிறோம்.

இன்று காலை அதே சிவப்பு இலைப் படம் வேறு பெயரில் வந்திருக்கிறது. நவம்பர் நடையாம். 150 வெள்ளி.