ஓடைக்கு எது காவல்: ஜார்ஜியாவின் பயிற்சியா, ஓரிகனின் சட்டமா?

மரம் வெட்டும் காட்டில் ஓடையைக் கெடுப்பது பெரும்பாலும் மண்தான். வெட்டிய தடிகளை இழுத்து வரும் இயந்திரம் ஒரே சரிவில் பத்து முறை போய் வந்தால் போதும், அதன் சக்கரத் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். செம்மண் கலந்த நீர் அதில் இறங்கி ஓடையில் கலக்கும். அதில் வரும் நுண்மண் கூழாங்கற்களின் இடுக்கில் படிந்தால், அங்கே இடப்பட்ட மீன் முட்டைகளுக்குக் காற்று கிடைக்காது. மரம் மீண்டும் வளர்ந்துவிடும். அந்த ஆண்டின் மீன் குஞ்சுகள் திரும்பி வரமாட்டா.

இதைத் தடுக்க அமெரிக்க மாநிலங்கள் எடுத்த வழிகள் இரண்டு: பயிற்சி, சட்டம். 1972-இன் தூய நீர்ச் சட்டம் ஆலைக் குழாயிலிருந்து வரும் கழிவுநீருக்கு உரிமம் கேட்டது. காட்டிலும் வயலிலும் பரவலாக வழிந்தோடும் நீரைப் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. தடி லாரிப் பாதையின் பக்கக் கால்வாய் வழியாக ஓடும் நீருக்கு உரிமம் வேண்டுமா என்ற வழக்கு மேற்குக் கரை மாநிலமான ஓரிகனிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2013-இல் தீர்ப்பு மரத் தொழில் பக்கம் சாய்ந்தது. ஆகவே ஓடையைக் காப்பது யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு மாநிலமும் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலை வடிவமைப்பதில் மாநில வனத்தொழில் சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சங்கம் என்றதும் தலைநகரில் வரிச்சலுகை கேட்டு நிற்பவர்கள்தான் பலர் நினைவுக்கு வருவார்கள். அந்த வேலையும் நடக்கிறது. ஆனால் ஒரு சங்கத்தை எடைபோட ஓடைக்கரைக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

தென்கிழக்கு மாநிலமான ஜார்ஜியாவில் சுமார் 2.2 கோடி ஏக்கர் வணிகக் காடு இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தனியாருடையது. அங்கே ஓடைப் பாதுகாப்பு பெரும்பாலும் சட்டக் கட்டாயமில்லாத விருப்ப நெறி. ஆண்டு முழுவதும் ஓடும் ஓடையானால், சரிவு குறைந்த இடத்தில் இரு கரையிலும் 40 அடி, நடுத்தரச் சரிவில் 70 அடி, செங்குத்தான இடத்தில் 100 அடி அகலத்துக்கு மரங்களோடு ஒரு நிலக்கீற்றை, அதாவது கரையோரப் பட்டையை, விட வேண்டும் என்கிறது நெறி. ட்ரௌட் மீன் வாழும் ஓடைக்கு எங்கும் 100 அடி. பட்டைக்குள் மரமே வெட்டக்கூடாது என்பதில்லை. பாதி நிழலாவது மிஞ்ச வேண்டும்.

இதை மீறினால் உடனே அபராதம் இல்லை. பின் எது கட்டுப்படுத்துகிறது? மில் வாசல். நிலைத்த வனத்துக்கான தொழில்துறைத் தரச்சான்றை ஏற்ற மில்கள், பயிற்சி பெற்ற வெட்டு ஒப்பந்தக்காரர்களிடம் தடி வாங்கவே முனைகின்றன. அந்தப் பயிற்சியைப் பல்கலைக்கழகத்தோடும் மாநில வனத்துறையோடும் சேர்ந்து தாங்கி நிற்பது 1907-இல் தொடங்கிய ஜார்ஜியா வனச் சங்கம். வகுப்பில் சொல்லித்தரப்படுவது எளிய வேலைதான். சரிவுப் பாதை நெடுக இடைவெளி விட்டுச் சாய்வாகக் குறுக்கு வரப்பு போடுவது அதில் ஒன்று. இறங்கி வரும் நீர் வேகம் பிடிப்பதற்குள் வரப்பில் முட்டி, பக்கத்துச் சருகுத் தரைக்குத் திரும்பும்; கொண்டுவந்த மண்ணைச் சருகு பிடித்துக்கொள்ளும். வரப்பு ஓரிரண்டு அடி இடம் தவறினாலும் நீர் அதைச் சுற்றிக்கொண்டு பழைய தடத்திலேயே இறங்கும். இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தச் சரிவைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எந்தச் சட்டப் பிரிவும் அந்தக் கண்ணைத் தந்துவிடாது.

வெட்டு முடிந்த இடங்களை மாநில வனத்துறை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை வெளியிடுகிறது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட நடைமுறைகள் சரியாகக் கடைப்பிடிக்கப்படுவதாக அவை காட்டுகின்றன. அதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த எண்ணிக்கை சொல்வது வரப்பு போட்டார்களா, பட்டை விட்டார்களா என்பதை. நீர் எவ்வளவு தெளிந்தது என்பதை அன்று. தவறியவர் திருத்த மறுத்தால் விஷயம் சுற்றுச்சூழல் துறைக்குப் போகும். அதற்குள் எத்தனை மழை பெய்திருக்கும் என்பதே என் கவலை.

ஓரிகன் 1971-லேயே நாட்டின் முதல் முழுமையான வன நடைமுறைச் சட்டத்தை இயற்றியது. வெட்டுவதற்கு முன் மாநில வன அதிகாரிக்கு அறிவிப்புத் தர வேண்டும். வெட்டிய இடத்தில் மறுபடி நட வேண்டும். ஒரே மூச்சில் மொட்டையடிக்கும் பரப்புக்கு 120 ஏக்கர் வரம்பு. இருந்தும் சால்மன் மீன் குறைந்துகொண்டே போனது. சட்டம் இருந்தாலே போதும் என்பவர்கள் இந்த ஐம்பது ஆண்டைப் பார்க்க வேண்டும். மீன் வராத சிற்றோடைகளுக்குப் பழைய விதி மிகக் குறைவாகவே காவல் தந்தது. கீழே மீன் வாழும் ஆற்றுக்குக் குளிர்ந்த நீரை அனுப்புவதே அந்தச் சிற்றோடைகள்தாம்.

2020-இல் இரு தரப்பும் மக்கள் வாக்கெடுப்புக்கு எதிரெதிர் மனுக்களோடு மோதத் தயாராக இருந்தன. ஆளுநர் அலுவலகம் இடையில் நிற்க, மரக் கம்பெனிகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. சிறு வன உரிமையாளர் சங்கமும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. 2021 அக்டோபர் இறுதியில் ஒப்பந்தம் கனிந்தது, 2022-இல் சட்டமானது. மேற்கு ஓரிகனில் மீன் ஓடைக் கரைப்பட்டை 110 அடி வரை அகலமானது. சரிந்து ஓடையில் விழக்கூடிய செங்குத்து மலைச்சரிவுகளிலும் மரத்தை விட்டுவைக்க வேண்டும். 5,000 ஏக்கருக்குக் குறைவாக வைத்து, அளவாக வெட்டுபவர்களுக்குக் குறுகிய பட்டை போதும். அவர்கள் விரும்பி அகலப் பட்டையே விட்டால் வருமான வரியில் கழிவு கிடைக்கும்.

இந்த வரிக்கழிவுதான் ஒப்பந்தத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் எண்ணம். நாற்பது ஏக்கர் வைத்திருப்பவருக்கு இரண்டு ஓடைகள் குறுக்கே ஓடினால், விதி அவருடைய சேமிப்பில் பெரும் பங்கை அப்படியே பிடித்துக்கொள்ளும். பெரிய கம்பெனி அந்த இழப்பை லட்சம் ஏக்கரில் பரப்பிவிடும். இவருக்குப் பரப்ப இடமில்லை. கலிபோர்னியாவில் 1973 சட்டப்படி, உரிமம் பெற்ற வனவியலாளரைக் கொண்டு வெட்டுத் திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். சிறியவர்களுக்குத் தனி வழி இருந்தாலும், செலவுக்கு அஞ்சிப் பின்வாங்குபவர்களும் உண்டு.

எனக்கு ஜார்ஜியாவின் பயிற்சி பிடித்திருக்கிறது, ஜார்ஜியாவின் தாழ்ந்த சமவெளிக்கு. நிலம் மெல்லச் சரியும் இடத்தில் தேர்ந்த கைகள் பெரும்பாலான தவறுகளைத் தடுத்துவிடும். மேற்கு ஓரிகனின் மலையில் ஒரு தவறு என்றால் முழுச் சரிவும் ஆற்றில். அங்கே நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்பது சால்மனுக்கு அநியாயம். ஜார்ஜியாவின் வடக்கு மலை ஓடைகளுக்கும் நான் சட்டத்தையே கேட்பேன். 100 அடி என்ற எண் அங்கே நெறியேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கச் சங்கமே முன்வந்தால், எதிர்க்க ஆள் கிடைப்பது கடினம்.

ஓரிகனிலும் வெட்டு ஒப்பந்தக்காரர் சங்கம் பயிற்சி வகுப்பை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது. 110 அடி என்று சட்டம் எழுதியபின்னும், மழைக்கு முந்திய மாலையில் குறுக்கு வரப்பை எந்த இடத்தில் போடுவது என்று அந்த வகுப்பில் படித்தவர்தான் பார்க்க வேண்டும்.