எர்த் ஒயரை மாட்டாமல் ஏழாயிரம் ரூபாய் வாங்கிப் போனார்கள்

அப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகளைக் கேட்பதற்காக, சென்ற மாதம் ஒரு டர்ன்டேபிளும், அதிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தர தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப்பும் வாங்கினேன். கடையிலிருந்தே ஆள் வந்து மாட்டிக் கொடுத்தார். தட்டில் முள்ளை வைப்பதற்கு முன்பே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடியது. வீணையின் கீழ் ஸ்தாயி முழுவதும் அதில் மூழ்கிப்போனது.

மறுநாள் கடை அனுப்பிய மெக்கானிக் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, கார்ட்ரிட்ஜ், அதாவது முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பாகம், போய்விட்டது என்றார். புதியது 5,800 ரூபாய், கூலி 1,200. நம்பிக் கொடுத்தேன். பழையதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். புதியதை மாட்டிய பிறகும் உறுமல் அப்படியே இருந்தது. முள் பிடிக்கும் உலோகக் கையை நான் தொட்டபோது சத்தம் மாறியது. அதைச் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை.

அதன்பின் செய்ததை என்னால் மன்னிக்கவே முடியாது. ஆம்ப்ளிஃபையர் பிளக்கில் இருந்த பருத்த மூன்றாவது பின்னைக் கழற்றிவிட்டு, "இப்போது குறைந்துவிட்டது பாருங்கள் சார்" என்றார். கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. ஆனால் அதுதான் எர்த் பின். உள்ளே ஒரு ஒயர் விடுபட்டுப் பெட்டியின் தகட்டில் 230 வோல்ட் ஏறினால், தொடுகிறவர் உயிரைக் காப்பது அந்த இணைப்புதான். இரண்டு நாள் கழித்து, ஆம்ப்ளிஃபையரில் தூசி துடைத்த அம்மாவுக்குக் கையில் சுரீரென்றது.

உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டர்ன்டேபிளின் பின்பக்கத்தை நானே பார்த்தேன். சிவப்பு, வெள்ளை முனைகளோடு மெல்லிய பச்சை ஒயர் ஒன்று, நுனியில் கவை போன்ற சிறு தகட்டோடு, கம்பெனியில் போட்ட கட்டுக்கூட அவிழாமல் சுருண்டு கிடந்தது. ப்ரீஆம்ப்பின் பின்னால் எர்த் குறியிட்ட திருகு காலியாக இருந்தது. திருகைத் தளர்த்தி, தகட்டைச் செருகி, விரலாலேயே முறுக்கினேன். பிளக்கையும் மூன்று பின்னோடு புதிதாக மாற்றினேன். உறுமல் போன இடம் தெரியவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால்தான் மெல்லிய சீறல் கேட்கிறது.

சாதாரண எம்.எம். (மூவிங் மேக்னட்) வகைக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ப்ரீஆம்ப் அதை நூறு மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் கீழ் ஸ்தாயியைக் குறைத்துப் பதிந்திருப்பதால், அதை ஈடுகட்ட 50 ஹெர்ட்ஸ் அளவிலான கீழ் ஒலிகளை ஏறத்தாழ எழுநூறு மடங்கு பெருக்குகிறது. நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ். எர்த் இல்லாத உலோகக் கை ஆன்டெனா போல அதை இழுத்துக்கொள்கிறது.

உங்கள் வீட்டிலும் உறுமினால் முதலில் அந்த ஒயரைத் தேடுங்கள். சில டர்ன்டேபிள்களில் அது உள்ளேயே இணைந்திருக்கும். ஒயர் சரியாக இருந்தும் உறுமினால், ப்ரீஆம்ப்பையும் ஆம்ப்ளிஃபையரையும் முள்ளுக்கு அருகிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். அவற்றின் டிரான்ஸ்ஃபார்மரும் இந்தச் சத்தத்தைக் கொடுக்கும். எர்த் பின்னில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். கழற்றிய பொருளைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜைக் கேட்டேன். தூக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். பில்லில் 'சர்வீஸ்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதையும் பின் இல்லாத பிளக்கையும் எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவோடு இந்த வாரமே கொடுக்கப்போகிறேன்.